தழும்புக்குள் கண்ணாடி

மார்ச் 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

வழக்கமான கடிதத்துக்கு இன்னும் காலம் இருக்கும்போது இது வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்திருப்பாய். உயிரோடுதான் இருக்கிறேன். பாப்பா நமக்குப் போட்டுக் கொடுத்த சட்டத்தில் இடைக்கடிதம் கூடாது என்று எதுவும் இல்லை. "போன்ல பேசினா மூணாவது வாக்கியத்துல சண்டை. ரெண்டு பேரும் எழுதிக்குங்க, எழுதும்போது யாரும் குறுக்க பேச முடியாது." நம் குடும்பத்தில் யாராவது புத்திசாலித்தனமாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் நெற்றியிலும் இடது முன்கையிலும் உள்ள தழும்புகள் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. தினமும் சவரம் செய்யும்போது அவற்றின் முகத்தில்தான் விழிக்கிறேன். பதினோரு வருடமாக வெள்ளைக் கோடுகளாகச் சும்மா கிடந்தவை, வருடப் பிறப்பிலிருந்து ஏதோ நினைத்துக்கொண்டாற்போல் சிவக்கத் தொடங்கின. பிறகு ஊதா நிறம். இப்போது மெழுகு சொட்டி உறைந்தது போல மேடிட்டு நிற்கின்றன. வலி கிடையாது, கொஞ்சம் அரிப்பு. முதல் வரிசையில் இருக்கும் மாணவி ஒருத்தி கரும்பலகையை விட்டுவிட்டு என் நெற்றியைப் பார்த்துத்தான் குறிப்பெடுக்கிறாள். துறைத்தலைவன் (என்னிடமே படித்து எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவன், மறந்திருக்க மாட்டாய்) "சார், கொஞ்ச நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்களேன்" என்கிறான். நான் லீவு எடுத்தால் ரெஸ்ட் அவனுக்குத்தான்.

தோல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஏதாவது தங்கியிருக்குமா சார்? மண்ணு, கண்ணாடி, அந்த மாதிரி?" என்று கேட்டார். எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது.

நீ காரைக் கொண்டுபோய் நின்றிருந்த லாரியில் சொருகிய அன்று எனக்கு நினைவு தப்பியிருந்தது. உனக்குத் தப்பவில்லை. ஒரு கீறல் கூட இல்லை. ஆகவே நீதான் சாட்சி. ஆஸ்பத்திரியில் கண்ணாடித் துண்டுகளை எடுத்தது யார்? எல்லாவற்றையும் எடுத்தார்களா? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களா? உள்ளதை உள்ளபடி எழுது.

உன் டிரைவிங் ஸ்கூல் நன்றாக நடக்கிறது என்று பாப்பா சொன்னாள். லாரியில் மோதியவள் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நான் சிரிக்கவில்லை.

பாப்பாவின் அப்பா


மார்ச் 17

மரியாதைக்குரிய புரொபசர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் காரில் உட்கார்ந்தே படித்தேன். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அம்மாள், "மேடம், ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். இல்லைங்க, வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார் என்றேன். "ரெண்டுக்கும் உங்க முகம் ஒண்ணாதான் இருக்கு" என்றார். அந்த அம்மாளுக்குத் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம். என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டதற்கு உள்ளபடியே பதில் சொல்கிறேன். கண்ணாடியை எடுத்தவர் ஒரு இளம் டாக்டர். பக்கத்து ஜன்னல் கண்ணாடிதான் உங்கள் மேல் நொறுங்கியிருந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எஃகுத் தட்டில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் சத்தம் கேட்டது. நான் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன், உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. தலைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கைக்கு எடுக்கவில்லை. கடைசியில் அவர், "எல்லாம் வந்துடுச்சு. கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணு ரெண்டு இருந்தா அதுவா வெளிய வந்துடும்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் மறைத்தேன் என்பீர்கள், எழுதினால் பிடித்துக்கொள்வீர்கள். பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த டாக்டரம்மா சொல்லும் டெஸ்ட் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். இத்தனை வருடம் கழித்துத் தழும்பு தானாக எழுந்து நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவதாகப் பாப்பா சொல்கிறாள். நாற்காலி இருக்கிறதே, உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன?

இப்படிக்கு,
அதே டிரைவர்


ஏப்ரல் 14

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் வாக்குமூலம் கிடைத்தது. "கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணு ரெண்டு." இதைப் பதினோரு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

முன்கைத் தழும்பிலிருந்து ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா ஒரு பெயர் சொல்கிறார், சார்கொய்டோசிஸ். அபூர்வமான வியாதியாம். உடம்பின் காவல் அணுக்கள் காரணமே இல்லாமல் கூட்டம் கூடிக் கட்டி கட்டியாக உட்கார்ந்துகொள்ளுமாம். தோலில் வந்தால் பழைய தழும்பைத் தேடிப்பிடித்து உட்காருமாம். நுரையீரல், கண் எங்கே வேண்டுமானாலும் போகும், மார்பு எக்ஸ்ரே எடுங்கள், கண் டாக்டரைப் பாருங்கள், ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கலாம் என்றார். ஏன் வருகிறது என்று கேட்டேன். "ஏன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது சார்" என்றார், அது ஏதோ பெருமை மாதிரி.

கண்ணாடி என்ன ஆயிற்று என்றேன். அந்தத் துணுக்கை வடிகட்டிய ஒளியில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களாம், எதுவும் மின்னவில்லையாம், அதனால் அந்நியப் பொருள் எதுவும் இல்லையாம். என்னிடம் போய்ச் சொல்கிறார்! இருபத்தாறு வருடமாகப் பாறையைத் தகடாகச் சீவி அதே ஒளியில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. "டாக்டர், குவார்ட்ஸ் மின்னும், மைக்கா மின்னும். கண்ணாடி மின்னாது. மின்ன வேண்டுமென்றால் உள்ளே அணுக்கள் வரிசையாக நிற்க வேண்டும். கண்ணாடிக்குள் வரிசையே கிடையாது. இருட்டாகத்தான் தெரியும்" என்றேன். அவர் ரிப்போர்ட்டை மறுபடியும் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அது சரிதான் சார். ஆனா..." என்று இழுத்தார். அந்த 'ஆனா'வைக் கேட்க நான் உட்கார்ந்திருக்கவில்லை.

தழும்பைத் திறந்து கண்ணாடியை வெளியே எடுக்கக்கூடிய ஒரு சர்ஜனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை மாத்திரை கிடையாது. செருப்புக்குள் கல்லை விட்டுவிட்டு யாராவது காலுக்கு மருந்து தடவுவார்களா?

மற்றபடி சௌக்கியம். முழங்காலில் உள்ள பழைய தழும்பு கூடச் சிவந்து தடித்திருக்கிறது. புதிதாகத் தைத்த கால்சட்டையின் துணி முரடு, உரசுகிறது. தையல்காரனை மாற்ற வேண்டும்.

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 21

என்னங்க,

விளையாட்டாக விளிக்க இன்று மனம் வரவில்லை.

உங்கள் முழங்காலில் நான் எந்தக் காரையும் மோதவில்லை.

அந்தத் தழும்பு பன்னிரண்டு வயதில் உங்கள் அண்ணனுடைய சைக்கிளிலிருந்து நீங்கள் விழுந்தபோது வந்தது. கல்யாணமான புதிதில் நீங்களே காட்டினீர்கள், அவர் வேண்டுமென்றே பின்னாலிருந்து தள்ளிவிட்டார் என்ற கதையோடு. அவரை இன்னும் மன்னிக்கவில்லை என்பதும் தெரியும். ஆனால் அங்கே கண்ணாடி ஏது? மண் ரோட்டில் விழுந்தவருக்குக் கார் கண்ணாடி எங்கிருந்து வந்தது? துணி உரசினால் தோல் சிவக்கும், தழும்பை மட்டும் பார்த்துச் சிவக்குமா? நான் பத்தாவதோடு நின்றவள், எனக்கே இது தோன்றுகிறது. உங்களுக்குத் தோன்றாமல் இருக்காது. முழங்காலை டாக்டரம்மாவிடம் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள். காட்டினால் கேஸ் தோற்றுப்போகும்.

பாப்பா அந்த வியாதியைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு எனக்கு விளக்கினாள். கண்ணுக்குள் போனால் வலியே இல்லாமல் கூடக் கெடுக்குமாம். உங்கள் பிழைப்பே மைக்ராஸ்கோப்புக்குள் பார்ப்பது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கண்ணையாவது ஒரு தடவை காட்டுங்கள்.

என் மேல் தப்புப் போட வேண்டுமென்றால் போடுங்கள். மாத்திரையையும் போட்டுக்கொண்டு போடுங்கள்.

நான்


மே 25

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் சட்டஞானத்துக்கு என் வணக்கம். முழங்காலைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கு ஒரு பக்கம் குறுக்கு விசாரணை. ஒரு உடம்பில் இரண்டு சங்கதி இருக்கக்கூடாதா? ஒரே பாறையில் இரண்டு கனிமம் இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

சர்ஜன் கிடைத்தார். ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. முன்கைத் தழும்பை நீளவாக்கில் திறந்தார். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் நானும் எட்டிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லையே சார்" என்றார். இன்னும் கொஞ்சம் மேலே பாருங்கள் என்றேன். பார்த்தார். ஒன்றும் இல்லை. நெற்றியையும் திறக்கச் சொன்னேன், "முகத்துல எல்லாம் நான் கை வைக்க மாட்டேன் சார், வேற ஆளைப் பாருங்க" என்று தைத்து அனுப்பிவிட்டார். தவறான இடத்தில் தேடியிருக்கிறார் என்பது என் கருத்து.

தையல் பிரித்த இடம் இப்போது பழையதைவிட மோசமாகத் தடித்திருக்கிறது. புதுக் காயத்தையும் விட்டுவைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இடது கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது. வெளிச்சம் குத்துகிறது. மைக்ராஸ்கோப்பில் அந்தக் கண்ணை வைத்தால் எல்லாப் பாறையும் சுண்ணாம்பாகத் தெரிகிறது. பரீட்சைத்தாள் திருத்திய களைப்பு. விடுமுறையில் சரியாகிவிடும். இதைப் பாப்பாவிடம் சொல்லாதே. சொன்னால் இனி எதையும் எழுத மாட்டேன்.

பாப்பாவின் அப்பா


மே 30

என்னங்க,

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். வாசலில் நிற்பாள், கதவைத் திறங்கள். கண் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டாள். போன் செய்து பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. சட்டத்தை மீறியதற்காக எடுக்கவில்லையோ என்னவோ.

அந்த லாரியில் பின்விளக்கு எரியவில்லை என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழை, இருட்டு, விளக்கு இல்லை. நீங்கள் நம்பவில்லை. இன்று அதை விட்டுவிடுகிறேன். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பதை இங்கேயும் எழுதுகிறேன்:

"விபத்துக்கு நான் மட்டுமே காரணம். லாரியில் விளக்கு எரிந்தது. நான்தான் பார்க்கவில்லை. அவர் உடம்புக்கு வந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு."

கீழே கையெழுத்து, தேதி. ஒரு முறை இப்படிச் சொல்லு, அதோடு விட்டுவிடுகிறேன் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள். நான் கொடுத்ததில்லை, இல்லாத விளக்கை எப்படி எரியவிடுவது என்று. இப்போது எரியவிட்டுவிட்டேன். வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், அந்தத் துறைத்தலைவரிடம் கூடக் காட்டுங்கள்.

எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் தப்பாகப் போனால் என் காலால் நிறுத்திவிடுவேன். இங்கிருந்து எனக்கு எதுவும் எட்டவில்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்புங்கள்.

நான்


ஜூலை 12

பாப்பாவின் அம்மாவுக்கு,

பாப்பா எல்லாம் சொல்லியிருப்பாள். என் வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

கண் டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார், யாரையோ பற்றிச் சொல்வது போல. வலது கண் தப்பித்தது. இடது கண்ணில் நரம்பு வரைக்கும் சேதமாம். சொட்டு மருந்து, கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி எல்லாம் போட்டாயிற்று. இதற்கு மேல் அது திரும்பாது என்று போன வாரம் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் வருபவர்கள் எதிரில் வந்து நின்ற பிறகுதான் ஆளாகிறார்கள். மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் கட்டிகள். ஆகவே கண்ணாடி இல்லை. நுரையீரலுக்குள் யாரும் ஜன்னலை உடைக்கவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறேன். முகம் உப்பிவிட்டது. நாள் முழுவதும் பசி, உட்கார்ந்தே சாப்பிடுகிறேன். தழும்புகள் வேகமாக அடங்குகின்றன. நெற்றியில் மறுபடியும் வெள்ளைக் கோடு. இத்தனை சுலபமாக அடங்கக்கூடியதா என்று ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மைக்ராஸ்கோப் வகுப்பு இனி எனக்கு இல்லை. ஒற்றைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் அதுவும் சீக்கிரம் களைத்துவிடுகிறது, இருக்கும் ஒன்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார்கள். பாறை மாதிரிகள் வைத்திருக்கும் அறையைக் கொடுத்திருக்கிறான் துறைத்தலைவன். அவனே வந்து மேசையைத் துடைத்து, விளக்கைச் சரியான பக்கத்துக்கு மாற்றிவைத்தான். "இங்க உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க சார்" என்றான். கேலி செய்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். அவன் கேலி செய்யவில்லை.

டாக்டரம்மாவிடம் மறுபடியும் கேட்டேன், ஏதாவது ஒன்று தொடங்கி வைத்திருக்க வேண்டுமே என்று. "சார், இது யார் மேலயும் தப்பில்ல. நீங்க எதுவும் பண்ணல, உங்களுக்கும் யாரும் எதுவும் பண்ணல" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

நீ எழுதிக் கொடுத்த தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். வந்த அன்று அதைப் பலமுறை படித்தேன். இத்தனை வருடம் கேட்டது கையில் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. லாரியில் விளக்கு எரிந்தது என்று நீ எழுதியதும், எரிந்திருக்காது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அங்கே வந்து இருக்கும்படி பாப்பா கேட்டாள். நீ சொல்லித்தான் கேட்டாள் என்று தெரியும். வர முடியாது. ஒரு அறையில் உனக்கு எதிரில் உட்கார்ந்து நான் என்ன பேசுவேன்? இந்தக் கடிதத்தையே நாலு நாளாக எழுதுகிறேன். யார் மேலும் தப்பில்லாத ஒரு விஷயத்தை உனக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பாவின் அப்பா


செப்டம்பர் 3

என்னங்க,

இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன், வந்திருக்கும். இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், உங்கள் கண்ணுக்குச் சிரமம் இல்லாமல். ஒரு பக்கத்தில் பத்து வரிகூட அடங்கவில்லை. தபால்காரருக்கு என் உறையின் கனத்தைப் பார்த்துச் சந்தேகமாக இருக்கிறது.

பாப்பா வாரம் தவறாமல் உங்களோடு பேசுகிறாள் என்பதால் மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் எனக்குத் தெரியும். "அம்மா பத்தி கேட்டாரா?" என்பேன். "கேட்கலம்மா. ஆனா நான் சொன்னப்ப போனை வைக்கல" என்பாள். அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். அவள் உங்கள் பெண், கிடைத்ததை வைத்து வாதாடுகிறாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன். ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் வந்தேன். உங்கள் தெருமுனை டீக்கடைக்கு எதிரே நிறுத்தினேன். இறங்கி வருவதாகத்தான் எண்ணம். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பேப்பர் படித்தீர்கள். முகம் உப்பியிருந்ததில் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். கார்க் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன், ஆனால் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவீர்களோ என்று பயமாக இருந்தது. போயிருந்தால் நான் ஊர் திரும்புகிற வழி முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன்.

பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தீர்கள். இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நாள் முழுக்க ஊராருக்கு இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன், பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க என்று. ஜன்னலை இறக்கிச் சொல்ல நேரம் இல்லை. ஹாரனை அழுத்தினேன், கையை எடுக்காமல்.

நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். மோட்டார் சைக்கிள் முன்னால் போயிற்று. நீங்கள் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நேராக என் காரைப் பார்த்து ஏதோ திட்டினீர்கள். கையை ஓங்கி, நல்ல கோபத்தோடு, ரோட்டில் நின்றபடியே. கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே இருப்பது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் ஜன்னலை ஏற்றியிருந்தேன். வாய் அசைந்தது தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

நான்தான்